முரசுமோட்டைக்குப் பட்டாணியால் வந்த கொழுப்பு

முரசுமோட்டை,
புதன்கிழமை.

அன்புத் தங்கை நாகேஸ்வரிக்கு,

உன் மூத்த அண்ணன் சிற்றம்பலம் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம். என் இரத்தத்தில் உள்ள கொழுப்பும் ஒரு குறையுமின்றிச் சுகமாயிருக்கிறது. போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பாய். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரைப் போட்டால்தான் கேட்கும், போட்டால் உன் மச்சாள் ராஜினிக்கும் கேட்கும். அதனால் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போடு.

என் மகள், உன் மருமகள் யதுர்ஷிகா கம்பஸில் செய்யும் ஆய்வு உனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பட்டாணியிலிருந்து எவ்வளவு கொழுப்புக் கிடைக்கிறது, எங்கள் முரசுமோட்டையில் எவ்வளவு, உங்கள் புதுக்குடியிருப்பில் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். வீட்டுக்கு ஒரு கேள்வித்தாளாக உனக்கு முப்பது தாள், எனக்கு முப்பது தாள். நீ மூளை உள்ளவள், டியூசன் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டில் நிரப்பி வாங்கிவிட்டாய். நானோ முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் புள்ளிவிவரம் சேர்த்தவன். வீடு வீடாகப் போகாமல் எடுப்பதெல்லாம் ஒரு கணக்கா என்று பிள்ளைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். உண்மையைச் சொல்வதானால், கிளினிக்கில் எண்ணெயை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து ராஜினி எனக்கு அவித்துத் தருவதை மாடும் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். நாலு வீட்டுக் குசினி வாசமாவது மூக்கில் படட்டுமே என்ற நப்பாசையும் இருந்தது.

முதல் வீடு அன்னபாக்கியம் அக்கா வீடு. கேள்வியைக் கேட்டு எழுதிவிட்டு எழும்ப வேண்டியதுதானே? என் நாக்கு சும்மா இருக்கவில்லை. "தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிச்ச பட்டாணி எண்டால் எனக்கு உயிர் அக்கா" என்று சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன தம்பி, நாளைக்கு வாங்கோ, ஊறப்போடுறன்" என்றா. மறுநாள் போனேன், தின்றேன், தின்ற பிறகுதான் தாளை நிரப்பினேன். அதற்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் சனம் பயறும் கௌபியும் அவிக்கிற சனம், பட்டாணியைத் தேடுவதில்லை. ஆனால் வந்த மனிதனை வெறும் வாயோடு அனுப்பவும் தெரியாத சனம். அதன்பிறகு நான் எந்தப் படலையைத் திறந்தாலும் உள்ளே தாளிக்கும் சத்தம் கேட்டது.

தாளில் உள்ள கேள்வி இதுதான்: இந்தக் கிழமை பட்டாணி சமைத்தீர்களா, எவ்வளவு? "ஓம், இண்டைக்குத்தான். அரைக் கிலோ." எழுதினேன். அடுத்த வீட்டிலும் "ஓம், இண்டைக்குத்தான்." அதையும் எழுதினேன். ஒரு வீட்டிலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை, நானும் ஒரு எழுத்துக்கூடக் கூட்டிக் குறைக்கவில்லை. அப்படியிருந்தும் முப்பது தாளும் முழுப் பொய்யாகிவிட்டது.

நேற்றுப் பிள்ளை கணக்குப் பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பா, புதுக்குடியிருப்பை விட எட்டு மடங்கு! என்ன காரணமா இருக்கும்?" காரணம் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தது. வாய்க்கால் தண்ணீரோ, வயல் வேலையோ என்று அவளே இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறாள். கால் கிலோ பட்டாணியில் கொழுப்பு மூன்று கிராம்தான், மேலே ஊற்றிய எண்ணெயும் தேங்காய்ச் சொட்டும் ஆய்வில் சேராதாம். அவை என்னில் மட்டும்தான் சேர்ந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை விரிவுரையாளர்களுக்கு முன்னால் இந்தக் கணக்கோடு நிற்கப் போகிறாள். "என்ர அப்பா கணக்கில பிழை விடாதவர்" என்று அங்கே சொல்லியும் விட்டாளாம்.

என்னைச் சுடுவது இருபத்தெட்டாவது வீடு. ஞானேஸ்வரி என்று ஒருத்தி, மலையகத்துக் குடும்பம், கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். "ஐயா வர்றீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் கால் கிலோ வாங்கினேன். நாங்க இதெல்லாம் சமைக்கிறதே இல்லைங்க. சாப்பிட்டுத்தான் போகணும்" என்று தட்டை நீட்டினாள். பிள்ளைகள் மூன்றும் கதவோரம் நின்று பார்த்தன. நான் சாப்பிட்டேன், நாகேஸ். சாப்பிட்டு முடித்துத் தாளில் "ஓம், கால் கிலோ" என்றும் எழுதினேன். அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று என் கையெழுத்துச் சொல்கிறது. எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆகவே ஓர் உதவி. உன் தாள்களில் உள்ள சைபர்களைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்றிவிடு. இரண்டு ஊரும் சமமாக வந்தால் எவரும் துருவிக் கேட்கமாட்டார்கள். முப்பத்தொரு வருடம் நேர்மையாய் இருந்தவன் கேட்கிறேன், மறுக்காதே. இனி இந்தச் சீவன் உள்ளவரை பட்டாணியைக் கையாலும் தொடேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நன்றாய் இருங்கள், அளவாய் உண்ணுங்கள்.

இப்படிக்கு,
வயிறும் மனமும் கனத்த அண்ணன்,
சிற்றம்பலம்.

பி.கு.: ஒரு சைபரையும் தொடாதே. உறையை ஒட்டப் பசை கேட்கப் போனவன், பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. விரிவுரையாளருக்குப் போன் எடுத்து ஒரு கிழமை தவணை கேட்டாள், முப்பது தாளையும் கிழித்தாள். "திரும்பப் போங்கோ அப்பா. கேள்வி கேக்க மட்டும் வாயைத் திறவுங்கோ" என்றாள். நாளைக் காலை முதலில் ஞானேஸ்வரி வீட்டுக்குத்தான் போகிறேன். பிள்ளைகளுக்கென்று இரண்டு கிலோ பட்டாணி வாங்கிச் சைக்கிளில் கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் யோசனை வருகிறது. அவள் அதையும் அவித்து முதல் தட்டை எனக்குத்தான் வைப்பாள். இந்தக் கிழமை சமைத்தீர்களா என்று கேட்டால், "ஓம்" என்றுதானே சொல்லுவாள்?