சரித்திரப் புகழ்பெற்ற நிழற்குடை

எங்கள் கடற்கரைச் சாலை முழுவதையும் "கடலோரச் சரித்திரப் பாதை" என்று அறிவிக்க மாகாண அரசு முடிவு செய்தது. நல்ல முடிவுதான். சான் இரேனியோவில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் சாலை, சாலையில் காயப்போட்ட நெல். வெளியூர்க்காரர்கள் இதை அழகு என்கிறார்கள். நாங்கள் மறுத்ததில்லை.

சிக்கல் ஒரு விதியால் வந்தது. இரண்டு சரித்திரச் சின்னங்களுக்கு நடுவே ஆறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாதாம். அதற்கு மேல் சும்மா வந்தால் பயணி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்; கடலைப் பார்த்தவன் அப்புறம் சரித்திரத்தை மதிக்க மாட்டான் என்பது மேற்படி விதிக்கு விளக்கம். எங்களுக்கு வடக்கே ஸ்பானியர் கட்டிய தேவாலயம். தெற்கே, கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து அதே ஸ்பானியர் கட்டிய காவல் கோபுரம். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றுமே கிடையாது, நாங்கள் மட்டும்தான் இருந்தோம். இடைவெளியை நிரப்பாவிட்டால் பாதை மலைப்பக்கம் திருப்பி விடப்படும் என்று கடிதம் வந்தது. எங்கள் ஊர்த்தலைவர் கபித்தான் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் ஊர்ச் சபையின் எழுத்தர். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என் உத்தியோகம்.

மரபுச் சின்ன அதிகாரி திரு. அக்பல்சா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். சக்கரம் வைத்த அளவுகோல் ஒன்றைத் தேவாலய வாசலிலிருந்து உருட்டிக்கொண்டு, எதிரில் வந்த நெல்லையும் விலகாமல் நெல்லின் மேலேயே உருட்டிக்கொண்டு, சரியாக ஆறாவது கிலோமீட்டரில் நின்றார்.

அங்கே எங்கள் சிற்றூர்ப் பேருந்தான ஜீப்னிக்காகக் காத்திருக்கும் நிழற்குடை இருந்தது. நான்கு தூண், ஒரு தகரக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு. பெஞ்சில் செலிங் மனாங் உட்கார்ந்திருந்தாள். அக்காவை நாங்கள் மனாங் என்போம். செலிங் ஊருக்கே மனாங். அரிசிமாவை வாழையிலையில் சுருட்டிக் கரியில் சுட்ட துபிக் பலகாரத்தைக் கூடையில் வைத்து, வந்து நிற்கும் ஜீப்னிகளின் ஜன்னலில் நீட்டி விற்பாள். பத்தொன்பது வருஷமாக அவள் பிழைப்பே அந்த பெஞ்சில்தான்.

"இது யார் கட்டினது?" என்றார் அக்பல்சா.

"மேயர் அகுனோய் கட்டினாரு சார்."

"எந்த அகுனோய்?"

நியாயமான கேள்வி. எங்களுக்கு மேயர்கள் மாறியிருக்கிறார்கள், அகுனோய் குடும்பம் மாறியதில்லை. பதவிக்கு வந்த வாரமே ஒவ்வொருவரும் நிழற்குடைக்குப் புதுப் பெயிண்ட் அடித்துத் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்வார்கள். கூரை ஒழுகும். அது வேறு துறை.

அக்பல்சா சின்னக் கத்தி ஒன்றை எடுத்துத் தூணைச் சுரண்டினார். நீலத்துக்கு அடியில் இளஞ்சிவப்பு, அதற்கு அடியில் பச்சை. மனிதருக்கு மூச்சு வாங்கியது.

"ஏழு அடுக்கு! ஏழு காலகட்டம்!"

"சார், அந்தப் பச்சை போன தேர்தலுக்கு முந்தின தேர்தல்ல மேயரம்மா அடிச்சது."

"பிற்காலப் பச்சை," என்று எழுதிக்கொண்டார். "அதுக்கும் அடியில இன்னொரு பச்சை தெரியுதே?"

"அது அந்தம்மாவோட மாமனாரு அடிச்சது."

"முற்காலப் பச்சை."

செலிங் மனாங் என் காதோரம் குனிந்தாள். "அடிங், இந்த ஆளு சாப்பிட்டாரா இல்லையா? வெறும் வயித்துல வெயில்ல நின்னா இப்படித்தான் ஆகும்." அடிங் என்றால் தம்பி. அவளுக்கு நான் தம்பி, அக்பல்சா நோயாளி.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. சரித்திரப் புகழ்பெற்ற நிழற்குடையில் இனி யாரும் உட்காரக் கூடாது, உடல்சூடு பூச்சைக் கெடுக்கும். சாயக் கூடாது. நிழலைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதவில்லை. ஆனால் சுற்றிக் கயிறு கட்டிவிட்டதால் நிழல் உள்ளேயும் நாங்கள் வெளியேயும் இருந்தோம். அதிர்வு ஆகாது என்பதால் ஜீப்னியும் இருநூறு அடி தள்ளி, நின்றும் நிற்காமலும் ஆளை அள்ளிக்கொண்டு பறந்தது. செலிங் மனாங் கூடையோடு பின்னால் போவதற்குள் வண்டி போய்விடும். ஒரு நாளைக்கு எண்பது விற்றவள் ஆறு விற்றாள். மீதி அவள் வீட்டுப் பன்றிக்குப் போனது. பன்றி கொழுத்தது. அவள் இளைத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை அக்பல்சா வந்தபோது அவளை அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினேன்.

"ஏன் சார்," என்றாள் அவள், "தேவாலயத்தையும் சரித்திரம்னுதான் எழுதியிருக்கீங்க. அங்க ஜெபம் பண்ண ஆளை விடறீங்கல்ல?"

"விடறோம்."

"இது காத்திருக்கறதுக்குக் கட்டின இடம். காத்திருக்க ஆளே இல்லைன்னா இது என்ன நிழற்குடை? நாலு தூணும் ஒரு ஓட்டைத் தகரமும்தானே?"

அக்பல்சா தூணைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஞானம் வந்ததை நானே பார்த்தேன்.

"காத்திருத்தல்! ஏசுவே, அதுவும் மரபுதானே!"

மறுவாரமே திருத்திய உத்தரவு வந்தது. காத்திருத்தல், உயிருள்ள மரபாக அறிவிக்கப்படுகிறது. காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, ஒன்பது பேருக்குக் குறையாமல், முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். செலிங் மனாங்குக்கு நிரந்தர இடம். சந்தோஷத்தில் எனக்கு இரண்டு துபிக் சும்மா கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டேதான் அடுத்த பத்தியைப் படித்தேன். ஜீப்னி இங்கே நிற்கவே கூடாது; நின்றால் காத்திருப்பு முடிந்துவிடும்.

"நல்லா இருக்கே கதை! அப்ப நான் யாருக்கு விக்கிறது?"

"பயணிகள் வருவாங்கம்மா," என்றார் அக்பல்சா.

வந்தார்கள். நாங்கள் என்றோ தூக்கிப் போட்ட பனையோலைத் தொப்பிதான் இப்போது நகரத்தில் நாகரிகமாம். எல்லார் தலையிலும் அது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று முற்காலப் பச்சையைப் படம் எடுத்தார்கள். துபிக்கைக் கையில் வாங்கி, கன்னத்தோடு வைத்து, அதையும் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "நாங்க அரிசி சாப்பிடறதில்லை." செலிங் மனாங் கூடையை மூடினாள்.

எங்களைப் பற்றி மறைப்பானேன்? முதல் வாரம் சலித்துக்கொண்டோம். இரண்டாவது வாரம் கபித்தான் தலைக்கு மை பூசிக்கொண்டு வந்தார். பெஞ்சின் ஓரத்து இடத்துக்கு அடிதடி. அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். எனக்குச் செவ்வாயும் வெள்ளியும் முறை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கிழிந்தது இருந்தால் நல்லது என்றார் அக்பல்சா. வீட்டுக்கு ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தேன், வெட்கம் கெட்டவன்!

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேருந்து நிறையப் பயணிகள். இந்தப் பக்கம் நாங்கள் ஒன்பது பேர், அசல் முகத்தோடு. எங்கள் ஊர் இடோங்கின் ஜீப்னி வளைவில் திரும்பியது. உத்தரவுப்படி எங்களைப் பார்க்காதவன் போல ஓட்டினான். செலிங் மனாங் சட்டென்று எழுந்தாள். கூடையை இடுப்பில் ஏற்றினாள், கயிற்றைத் தாண்டினாள்.

"டேய் இடோங்! நிறுத்துடா, உன் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவள் ஓடினாள். என்ன தோன்றியதோ, நாங்கள் எட்டுப் பேரும் எழுந்து பின்னால் ஓடினோம். பயணிகள் கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். "அற்புதம்! அசல் மாதிரியே இருக்கு!" என்று அக்பல்சா குறிப்பேட்டோடு கூடவே ஓடி வந்தார்.

ஜீப்னி நின்றது. சத்தியமாக நின்றது. செலிங் மனாங் ஏறிவிட்டாள். ஜன்னலில் தலையை நீட்டி, "அடிங், ஏறு! கபித்தான், ஏறுங்க! எல்லாருக்கும் இடம் இருக்கு!" என்றாள்.

நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஓர் அம்மாள் கூவினாள்: "இன்னொரு தடவை ஓடறீங்களா? எனக்குப் படம் சரியா விழலை!"

கபித்தான் என்னைப் பார்த்தார். நான் கபித்தானைப் பார்த்தேன். காலை இறக்கினேன்.

உள்ளே அதற்குள் வியாபாரம் ஆரம்பித்திருந்தது. "சுடச்சுடத் துபிக்!" என்ற குரல் சாலையோடு போய், சின்னதாகி, கேட்காமல் போயிற்று. நாங்கள் நிழற்குடைக்குத் திரும்பி, தலையைக் கோதிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தோம்.

"வண்டி போயிடுச்சே சார்," என்றேன்.

"பரவாயில்லை, படத்துல வண்டி தேவையில்லை," என்றார் அக்பல்சா.

மூன்று முறை ஓடினோம். மூன்றாவது தடவை நன்றாக வந்தது.