ஒரு சின்ன க்ளூ மட்டும்

க்ளூ தருவோர் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. இருந்திருந்தால், கணக்கெடுக்க வந்தவர் பேனாவைத் திறப்பதற்குள், "எங்களை எந்தக் கட்டத்துல போடணும்னு நீங்களே யோசிங்க, பின்னாலேர்ந்து வாங்க, ஈஸியா வந்துரும்" என்று அவருக்கும் வழி சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

இவர்களைப் பிற இனங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு கணக்குப் புதிரைப் போட்டால் உடனே விடையைப் போட்டு உடைப்பவர் ஒருவர் இருப்பார். முரடர்தான், ஆனாலும் அவரிடம் எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும், நாம் எழுந்து காபி குடிக்கப் போகலாம். "கேள்வியே தப்பு" என்று கிளம்புகிறவர் இன்னொருவர். அவரோடு வாதாடிப் பொழுதைப் போக்கலாம். க்ளூ தருபவரோ கருணையே வடிவானவர். நீங்கள் நெற்றியைச் சுருக்கி, பேனாவின் பின்பக்கத்தைக் கடித்து, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருக்க, மூளைக்குள் ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு எழுந்திருக்கப் போகிற அந்தப் பொன்னான நிமிடத்தில், உங்கள் தோளுக்குப் பின்னால் ஒரு கனைப்புக் கேட்கும்.

"நான் விடையச் சொல்ல மாட்டேன். நீங்களேதான் கண்டுபிடிக்கணும். ஒரு சின்ன க்ளூ மட்டும்."

யார் கேட்டது?

அந்தக் கேள்வி அவர் காதில் விழாது. அவரிடம் மூன்று க்ளூக்கள் எப்போதும் கைவசம் இருக்கும். கேள்வியை இன்னொரு தரம் நிதானமாகப் படிக்கச் சொல்வது ஒன்று. கடைசியிலிருந்து முதலுக்கு வரச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கச் சொல்வது மூன்றாவது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலும் சரி, ரயில் பாலத்தைக் கடந்தாலும் சரி, அப்பாவுக்கு மகனைப்போல் மூன்று மடங்கு வயதானாலும் சரி, இந்த மூன்றில் ஒன்று பொருந்தும். பொருந்தாவிட்டால்? நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். வேறு யாராவது தட்டுத் தடுமாறி விடையைச் சொல்லிவிட்டால் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

ஓர் உயர்ந்த மாதிரியை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம். பெயர் பெர்னார்ட். மைசூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் சொல்வதைக் கடைசிவரை கேட்கக் கூடாது என்பது அலுவலகப் பழக்கமா பிறவிக் குணமா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. மனைவி ஈவ்லின், தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவருக்கு லீவு. அந்த ஒருநாளும் சர்ச் முடிந்ததும் இருவரும் மண்டி மொஹல்லாவில் ஈவ்லினின் தம்பி கிங்ஸ்லி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கிங்ஸ்லி பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துபவர். கல்யாணம் ஆகாதவர். மட்டன் பிரியாணியைக் குறைசொல்ல முடியாதபடி செய்வார், பாத்திரத்தை மட்டும் அடிப்பிடிக்க விட்டுவிடுவார். கீழே பெயிண்ட் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் பசவராஜ் சைவர், பேசுவது கன்னடம் கலந்த தமிழ். பிரியாணி வாசனை அடங்கும்வரை பொறுத்திருந்து, ஒரு சீப்பு நஞ்சன்கூடு வாழைப்பழத்தோடு மேலே ஏறுவார். எதற்கு? புதிருக்கு.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் கிங்ஸ்லி ஒரு புதிர் போடுவார். விடையை அவர் காதோடு காதாகத்தான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் தொடர்ந்து யோசிக்கலாம். முதலில் சரியாகச் சொன்னவர் பாத்திரம் கழுவத் தேவையில்லை. யார் கழுவ வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கே. க்ளூ வாங்கி விடை சொன்னால் கணக்கில் சேராது. யாருமே ஜெயிக்காவிட்டால், வழக்கம்போல.

வழக்கம்போல என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஈவ்லின் ஜெயிக்க முடியாதவரல்ல. விடையின் வாசற்படிவரை பல ஞாயிறுகள் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கக் கை நீட்டும்போது பெர்னார்ட் மனைவிமேல் உள்ள பாசத்தில் உருகி, பின்னாலிருந்து ஒரு க்ளூவை நழுவவிடுவார். "க்ளூ விழுந்துடுச்சு, அக்கா அவுட்" என்பார் கிங்ஸ்லி. ஈவ்லின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடிப்பிடித்த பிரியாணிப் பாத்திரத்தைச் சுரண்டப் போவார். பெர்னார்ட் கூடத்திலிருந்தே ஆறுதல் சொல்வார்: "ரொம்ப கிட்ட வந்துட்டே ஈவி. அடுத்த வாரம் பாரு."

போன ஞாயிறு ஈவ்லின் ஒரு முடிவோடு வந்திருந்தார். கிங்ஸ்லி வாயைத் துடைத்துக்கொண்டு புதிரைப் போட்டார்.

"மைசூர்லேர்ந்து சாமராஜநகர் அறுபது கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. ஒருத்தர் ஸ்கூட்டர்ல மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துல போறார். அதே ரோட்டுல திரும்பி வர்றார். போக வர மொத்தத்துக்கும் சராசரி வேகம் அறுபது வரணும். திரும்பும்போது என்ன வேகத்துல வரணும்?"

"நடுவுல டீ குடிக்க நிக்கறாரா?" என்றார் பசவராஜ்.

"நிக்கலை சார்."

"பாவ. நிக்கட்டும்."

பெர்னார்டின் தொண்டை அசைந்தது. ஈவ்லின் கைப்பையைத் திறந்தார். ஆஸ்பத்திரிப் பஞ்சை இரண்டு உருண்டையாக உருட்டி, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன ஈவி இது, ஒரு மனுஷன் பேசவே கூடாதா?"

ஈவ்லினுக்குக் கேட்கவில்லை. பெர்னார்ட் புண்பட்டார். புண்பட்டாலும் கருணை வற்றிவிடுமா? அதைப் பசவராஜ் பக்கம் திருப்பினார்.

"பாருங்க பசவராஜ், நான் ஒண்ணும் சொல்லலை. சராசரின்னா என்ன? ரெண்டையும் கூட்டிப் பாதி. அவ்வளவுதான். இதுக்கு மேல கேக்காதீங்க."

"நானு கேக்கவே இல்லையே சார்."

"முப்பதோட எதைக் கூட்டிப் பாதியாக்கினா அறுபது வரும்? இது க்ளூகூட இல்ல, சும்மா பேசறது."

பசவராஜ் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பெர்னார்டுக்கு அது போதவில்லை. மெதுவாக எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி, தற்செயலாக நடப்பவர்போல் கூடத்தைச் சுற்றி, ஈவ்லினுக்கு எதிரே காலண்டர் மாட்டியிருந்த சுவரோரமாகத் தற்செயலாகவே போய் நின்று, ஒன்பதாம் தேதியின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். மற்றக் கையால் ஒரு பூஜ்யம் செய்து அதன் பக்கத்தில் பிடித்தார். அவர் சுவரோரம் வருவதைப் பார்த்தபோதே ஈவ்லின் கண்களை இறுக மூடிவிட்டிருந்தார். பஞ்சடைத்த காதும் மூடிய கண்ணுமாக உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தால், ஜெபம் செய்கிறார் என்றே யாரும் நினைத்திருப்பார்கள். ஒருவேளை அதையும் சேர்த்துச் செய்திருக்கலாம்.

"அத்தான், அது க்ளூ" என்றார் கிங்ஸ்லி.

"நான் தேதி பாத்தேன்பா. ஒன்பதாம் தேதி பிரீமியம் கட்டணும்."

"அந்த பூஜ்யம்?"

"விரல் பிடிச்சுக்கிச்சு."

"க்ளூ சிஸ்டர்கிட்ட போகலை" என்று தீர்ப்பு வழங்கினார் பசவராஜ். "கண்ணு முச்சிட்டாங்க, நானே நோடினேன்." நீதி வழங்கிய சூட்டோடு எழுந்துபோய்க் கிங்ஸ்லியின் காதில், தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்கும் கேட்கும்படி, ரகசியமாகச் சொன்னார்: "தொண்ணூறு."

"தப்பு சார்."

பசவராஜ் திரும்பிப் பெர்னார்டைப் பார்த்தார். "ஏன் சார், நீங்கதானே கூட்டிப் பாதின்னீங்க?"

"நான் சொன்னது வேற, நீங்க புரிஞ்சுக்கிட்டது வேற."

ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை புரிந்திருக்கும். இந்த இனத்தைப் பல காலம் கவனித்துவந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே பணிவோடு பதிவுசெய்கிறேன்: க்ளூ தருபவருக்கு விடை தெரியாது. தெரிந்தால் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டாரா? நம்மையெல்லாம் நாலு பக்கமும் துரத்திவிட்டு, எவராவது ஒருவர் விடையில் போய் முட்டிக்கொண்டதும், அந்தச் சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, நமக்கு முன்பே அங்கே வந்துவிட்டவர்போல் நிற்பதுதான் அவருடைய வழிமுறை. காதோடு சொல்லும் சட்டம் உள்ள வீட்டில் அது செல்லாது. பாவம், அவர் அதை யோசிக்கவில்லை.

ஈவ்லின் கண்ணைத் திறந்தார். எழுந்து வந்து, தம்பியின் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். கிங்ஸ்லி கையை விரித்துக் காட்டி, "ஏன்?" என்றார். ஈவ்லின் இன்னும் கொஞ்சம் சொன்னார். கிங்ஸ்லி சிரித்துக்கொண்டே கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அக்கா ஜெயிச்சுட்டா."

"அதைத்தான் நானும்..." என்று தொடங்கிய பெர்னார்ட், எதைத்தான் என்பது தெரியாததால் பாதியில் நின்றார்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எந்த வேகத்தில் வந்தாலும் ஆகாது என்பதுதான் ஈவ்லின் சொன்னது. போக வர மொத்தம் நூற்றிருபது கிலோமீட்டர். சராசரி அறுபது என்றால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முப்பதில் உருட்டியதில் சாமராஜநகர் போய்ச் சேர்வதற்கே அந்த இரண்டு மணி நேரமும் தீர்ந்துபோயிற்று. திரும்பி வர நேரமே இல்லை, ஸ்கூட்டர் பறந்தாலும் சரி.

"யாரு கழுவறது?" என்றார் கிங்ஸ்லி.

ஈவ்லின் காதிலிருந்து பஞ்சை நிதானமாக எடுத்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. பிறகு அந்தப் பஞ்சாலேயே ஆளைச் சுட்டினார்.

பெர்னார்ட் சமையலறைத் தொட்டியின்முன் நின்று பிரியாணிப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டியதைக் காணக் கீழ்க்கடைப் பையன்களையும் கூப்பிட்டிருக்கலாம். ஈவ்லின் வாழைப்பழம் ஒன்றை உரித்தபடி கதவில் சாய்ந்து நின்றார்.

"நூத்தம்பதா ஈவி?"

"இல்ல."

"இருநூறு? ஸ்கூட்டர் எங்க இருநூறுல போகும்?"

"யோசிங்க."

"சரி, நீ சொல்லவே வேணாம். நானே கண்டுபிடிக்கறேன்."

சொன்னவர் சுரண்டுவதை நிறுத்தினார். நுரைக்கை அப்படியே நின்றது. நெற்றி சுருங்கியது. குழாயில் தண்ணீர் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன: அறுபது கிலோமீட்டர், முப்பதுல போனா, அப்ப போறதுக்கே... பெர்னார்ட் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கை யாருடைய உதவியும் இல்லாமல் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் அடி. கதவு தெரிகிறது. கை நீட்டிவிட்டார்.

பின்னால் ஒரு கனைப்புக் கேட்டது.

"விடைய நான் சொல்ல மாட்டேங்க" என்றார் ஈவ்லின், பழத்தை விழுங்கிவிட்டு. "நீங்களேதான் கண்டுபிடிக்கணும். ஒரு சின்ன க்ளூ மட்டும்."

ஆக, இது தொற்றும். நர்சுகளும் தப்புவதில்லை. நீங்கள் தப்பியவர் என்றால் மகிழ்ச்சி, உங்களைப்போன்றவர்கள் அரிது. ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துவிட்டுப் போங்கள். சற்று முன்பு பசவராஜ் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாரே, அப்போது இந்தப் பக்கத்தைப் பார்த்து, "ஐயோ கூட்டாதீங்க, நேரத்தைப் பாருங்க" என்று அசைந்தது யாருடைய உதடு?