பந்திக்கு வராத பன்னிரண்டு பன்றிகள்

அன்பு மகள், கால்நடை மருத்துவர் கனிமொழிக்கு,

அப்பா நல்லக்கண்ணு தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ராசம்மாளும் நலம். பன்றிகள் பன்னிரண்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீ.

போனில் திட்டினால், "அப்பா, டியூட்டில இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதமாக என் பெயரையும் ஊர்ப் பெயரையும்தான் எழுதி வந்தேன். கோபத்தை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன். நன்றாக வருகிறது.

பஞ்சநதம் தினமும் இரண்டு வேளை கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றைத் தன் குட்டியானை வண்டியில் கொண்டுவந்து கொட்டினான், பன்றிகளும் சாம்பாரும் பாயசமுமாகத் தின்று நிம்மதியாக இருந்தன. நீ லீவில் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சோத்தப் போட்டா நோய் வரும்ப்பா, கறி பூரா கொழுப்பாத்தான் இருக்கும்" என்றாய். திருச்சிக் கடைக்காரர் கொழுப்புக் குறைந்த கறி கேட்பதும், ஆடி முடிவதற்குள் ஒவ்வொன்றும் தொண்ணூறு கிலோ நிற்காவிட்டால் எடுக்க மாட்டார் என்பதும் உண்மைதான். அதற்காக நம் நெல்லின் தவிட்டையும் குருணையையும் புண்ணாக்கையும் நிறுத்துக் கலக்கச் சொல்லி, கொல்லையில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து அசோலா என்று ஒரு பாசியை வளர்க்க வைத்தாய். அது குறுவை நாற்றைவிடப் பச்சையாக வளர்ந்ததும், பஞ்சநதத்தை வர வேண்டாம் என்று போனிலேயே நிறுத்திவிட்டாய்.

இன்றோடு ஐந்து நாள். பன்றிகள் தொட்டியை முகர்ந்துவிட்டு, மரியாதை குறைந்த சம்பந்தி வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவையே பார்த்து நிற்கின்றன. உன் அம்மா, "ஒரு வாய் தின்னுடி என் ராசாத்தி" என்று பெரிய பெண் பன்றியிடம் கெஞ்சுகிறாள். உனக்குக்கூட அவள் இப்படிக் கெஞ்சியதில்லை. நானே கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக் காட்டினேன். உப்பே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாகநாதன் நின்றுகொண்டு, "என்னண்ணே, பன்னிக்கெல்லாம் விரதமா? மாலை போட்டாச்சா?" என்கிறான்.

ஒவ்வொன்றுக்கும் முதுகெலும்பு தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே வந்து ஊட்டிவிடு. இல்லாவிட்டால் உன் படிப்பையும் அந்தக் குழியிலேயே போட்டு மூடிவிடுவேன். (இந்த வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். கடுமையாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.)

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தி வானதிக்கு முத்தம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நூறு வருஷம் நன்றாக இரு.

கோபத்துடன்,
உன் அப்பா
நல்லக்கண்ணு

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் பஞ்சநதம் தன் காலி டிரம்மை எடுத்துப்போக வந்தான். தெருமுனையில் வழக்கம்போல ஹார்ன் அடித்தான். அவ்வளவுதான், பன்னிரண்டும் பாய்ந்து வந்து, ஒன்றையொன்று முட்டித் தள்ளி, தவிடு, பாசி எல்லாவற்றையும் தொட்டியோடு வழித்துத் தின்றுவிட்டன. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவற்றுக்குச் சாப்பாடு. உன் தீவனத்தில் ஒரு குறையும் இல்லை. முறையாகக் கூப்பிடாத பந்தியில் உட்கார மாட்டோம் என்று இருந்திருக்கின்றன. இனி வெறும் வண்டியோடு வந்து இரண்டு வேளையும் ஹார்ன் அடிப்பதாகப் பஞ்சநதம் ஒப்புக்கொண்டான். ஆகவே மேலே எழுதியது எல்லாம் தப்பு. ஆனால் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது, கிழிக்க மனம் வரவில்லை. நீ பயந்துகொண்டே படி.