பட்லரும் மூன்று வாசல்களும்

வெள்ளையர் இந்தியாவை விட்டுப் போய்விட்டார்கள் என்னும் செய்தி, இந்த நாட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் முறைப்படி அறிவிக்கப்படவில்லை. அவர் மரக்காணத்து உப்பளங்களின் நடுவே ஒரு மேட்டில் நிற்கும் பழைய ஆய்வு மாளிகையின் சமையற்காரர். ஊர் அவரைப் பட்லர் என்றது. பெற்றோர் வைத்த பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கே நினைவு வந்திருக்குமா என்பது ஐயம். வேடிக்கை என்னவென்றால், அவர் பிறந்ததே கடைசித் துரை கப்பலேறிய பிறகுதான். ஆங்கிலேய ஆட்சியில் ஒரு நாள்கூட வாழாமல், அதற்கு அவ்வளவு விசுவாசமாக இருந்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுத்தராக மாற்றல் பெற்று அங்கே போனேன். தங்குவதற்கு அம்மாளிகையில் ஓர் அறை. பெட்டியோடு முன்படி ஏறியவனைப் பட்லர் கதவுக்கு உட்புறம் நின்றபடியே இரு கைகளையும் விரித்துத் தடுத்தார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு. விசிறி மடிப்புத் தலைப்பாகை. கோட்டு அவருடைய தந்தைக்குத் தைத்தது. ஆகையால் அதனுள் அவரைத் தேடித்தான் காண வேண்டும்.

“சார் ஆபீசருங்களா?”

“இல்லீங்க, கிளார்க்கு.”

“அப்ப சைடு வாசல் சார். முன்வாசல் ஆபீசருங்களுக்கு. பின்வாசல் எங்களுக்கு. தொரைங்க வச்ச முறை.”

பக்கவாசல் வழியே போனேன். அன்றிரவு எனக்கு முதலில் சூப்பு வந்தது. அது நேற்றைய ரசம் என்பதை நாக்கு உடனே கண்டுகொண்டது; ஆனால் குழிந்த தட்டில், கரண்டியோடு, இடப்பக்கமிருந்து பரிமாறப்பட்ட ரசத்தை ரசம் என்று அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை. மேசையின் நடுவில் கண்ணாடிச் சீசாவில் தூள் உப்பு. திண்டிவனத்துக் கடையிலிருந்து வாங்கி வந்தது. சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது.

“ஏங்க, இங்கயே இவ்ளோ உப்பு இருக்குதே?”

“அது விளையிற உப்பு சார். இது சாப்புடற உப்பு” என்றார், குழந்தைக்கு விளக்குவதைப் போல.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஏக்கம்: ஒரு துரைக்குத் தம் கையால் பரிமாற வேண்டும். அது அந்தக் கோடையிலேயே மிதிவண்டியேறி வந்தது. இடையஞ்சாவடிப் பக்கத்தில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், அழுக்கு வேட்டியும் வெறுங்காலுமாக வந்து, நேரே பின்வாசலுக்குப் போய், “அண்ணா, தண்ணி இருக்கா?” என்று நல்ல தமிழில் கேட்டார்.

பட்லர் பதறினார். துரை ஒருவர் பின்வாசலில் நிற்பதா! அவரிடம் மன்றாடி முன்பக்கம் அனுப்பினார். தாமோ உள்ளே ஓடி, இரட்டைக் கதவையும் தாழ் நீக்கித் திறந்து வணங்கினார். ஒரு மணி நேரத்தில் சூப்பு, கட்லெட், கஸ்டர்டு. வந்தவர் இறைச்சி உண்ணார், முட்டை உண்ணார், பாலும் உண்ணார். “கூழ் இருந்தா போதும் அண்ணா” என்றார். கிடைத்த கூழைத் தரையில் அமர்ந்து குடித்துவிட்டு, யாரும் தடுக்குமுன் தட்டைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

 மாலையில் பட்லர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சார், இவன் ஒரிஜினல் இல்ல சார். தட்டைக் கழுவுறான் சார்!”

அந்த ஆண்டுக் கார்த்திகையில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. பாத்தியும் வரப்பும் ஒரே நீராயின. நான்காம் நாள் முற்பகலில், அளத்தில் கூலி வேலை செய்வோரின் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சுற்றுவட்டாரத்தில் மேடு என்று சொல்ல எங்கள் மாளிகை ஒன்றுதான். சட்டி பானையும் கைக்குழந்தைகளுமாக நாற்பத்து மூன்று பேர் வந்து முன்படியில் நின்றார்கள். முன்னால் நின்றவள் அஞ்சலை. உப்பு வாருபவள், பட்லரின் உடன்பிறந்த தங்கை.

பட்லர் கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் நீட்டினார். பின்னால் நான்.

“அண்ணே, கதவைத் தொற.”

“ஆபீசர் ஊர்ல இல்ல. ஆர்டர் இல்லாம தொறந்தா என் வேல பூடும்மே. பின்பக்கம் வாங்க.”

“பின்பக்கமும் சைடும் பள்ளம், இடுப்பளவு தண்ணி! போன மார்கழில கடலு வந்திச்சு, இந்தக் கார்த்திகைல வானமே வந்திருக்குது. உனுக்கு ஆர்டரு வேணுமா?” என்றவள், மூச்செடுத்துக்கொண்டாள். “நம்ப அப்பன் ஆயுசு பூரா இங்க ஆக்கிப் போட்டாரு. இந்தப் படிய ஒரு நாளு மிதிச்சாரா?”

“மிதிக்கல.”

“நீ?”

“நானும் மிதிக்கல” என்றார், விருது பெற்றவரைப் போல.

“வெள்ளைக்காரன் போயி எத்தினி வருசம் ஆவுது?”

“போனவங்க சாவியத்தான் குடுத்துட்டுப் போனாங்க. வழிய மாத்தச் சொல்லிட்டுப் போவல.”

ஒரு குழந்தை தும்மியது. பட்லர் அதைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேலை போனால் அவருக்குப் பின்கட்டு அறையும் போகும்; போக வேறிடம் இல்லை. சட்டென்று உள்ளே போய், விருந்தினர் பதிவேட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அதில் பெயர் ஏறியவர் எவரும் முன்வாசல் வழியே வரலாம் என்பது துரைமார் விதி.

“எழுதுங்க சார். அஞ்சலை.”

“பதவி?”

“காலியா விடுங்க. மேலேர்ந்து ஆர்டர் வர்ற வரைக்கும் காலியாத்தான இருக்கும்?”

“வந்த நோக்கம்?”

“இன்ஸ்பெக்சன்.”

“எதைங்க?”

“கூரைய சார். ஒழுவுதா இல்லியான்னு பாக்கறாங்க.”

இரட்டைக் கதவும் திறந்தது. தும்மிய குழந்தை உட்பட நாற்பத்து மூன்று ஆய்வாளர்கள் உள்ளே வந்து, கூரை ஆறு இடங்களில் ஒழுகுவதை உறுதி செய்தார்கள்.

அன்று கஞ்சிதான் உணவு. ஆயினும் குழிந்த தட்டில், கரண்டியோடு, ஒவ்வொருவருக்கும் இடப்பக்கமிருந்து.

“எந்தப் பக்கமா ஊத்துனா என்னாண்ணே, கஞ்சி கஞ்சிதான?” என்ற அஞ்சலை, ஒரு வாய் குடித்து முகஞ்சுளித்தாள். “உப்பே இல்ல.” சீசா உப்பு அத்தனை பேருக்குப் போதவில்லை. அவள் தன் மூட்டையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை எடுத்துப் பானையில் போட்டாள். பட்லர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு யாரும் பார்க்காதபோது ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். அதன்பின் அந்தச் சீசாவை நான் மேசையில் காணவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்த அதிகாரி, நாற்பத்து மூன்று பெயர்களுக்கும் கீழே, எதையும் படிக்காமல், நாற்பத்து நான்காம் பெயராகத் தம் கையொப்பத்தை இட்டார். பட்லரின் வேலை பிழைத்தது. பேரரசுகள் நடந்ததும் இப்படித்தான் போலும்.

2006இல் எனக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு வழக்கம்போல் பக்கவாசலுக்குத் திரும்பினேன். பட்லர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். முன்வாசலின் இரட்டைக் கதவையும் விரியத் திறந்தார்.

“நான் ஆபீசர் இல்லீங்களே.”

“இன்னைக்கு ஒரு நாளு ஆபீசர் சார். போங்க.”

படியிறங்கித் திரும்பிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது. உள்ளே தாழ் விழும் ஓசை கேட்டது. வழியனுப்ப அவர் சாலையோர வெளிவாயிலுக்கு வருவார், தம்முடைய வழியில். கூடத்தைக் கடந்து, சமையற்கட்டைக் கடந்து, பின்வாசல் வழியே இறங்கி, மாளிகையைச் சுற்றி, அந்தப் பெரிய கோட்டை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியும்.

சாலையில் பேருந்து ஒலியெழுப்பியது. போகட்டும் என்று விட்டுவிட்டு, நான் காத்து நின்றேன்.