எனக்காக ஜீப்பு நிற்க வேண்டாம்

போடிநாயக்கனூர்,
வியாழக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை சிவக்குமாருக்கு, மச்சான் மொக்கச்சாமி எழுதுவது. நீங்களும் தங்கை ஜோதியும் பிள்ளைகளும் நலமாயிருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். இங்கே என் கால்களைத் தவிர எல்லாரும் சுகம். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

போன வருடம் குரங்கணிக்கு மேலே குலசாமி கோயிலில் உங்கள் ஜெகதீஷுக்குக் காது குத்தினோமே, நினைவிருக்கிறதா? தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. தாய்மாமனாகிய நானோ பாதி ஏற்றத்தில் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். "நல்ல நேரம் போவுதப்பா" என்று பூசாரி கத்த, என் ஒன்றுவிட்ட தம்பி விஜயபாண்டி மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் மடியைத் தட்டிக் காட்டுகிறான். அன்றைக்கே எனக்கு நானே வாக்குக் கொடுத்தேன்: சின்னவள் சுஜிதாவின் காதுகுத்துக்கு அவளைத் தோளில் சுமந்து நானே ஏறுவேன், அதற்காகத் தினமும் காலையில் மலையடிவாரத்து முந்தல் வரை நடப்பேன்.

அடுத்தவனுக்குக் கொடுத்த வாக்கென்றால் வந்து சட்டையைப் பிடிப்பான். எனக்கு நான் கொடுத்ததை யார் வந்து கேட்பது? இருந்தும், பல மாதம் தள்ளிப் போட்டாலும், நடந்தேன் மாப்பிள்ளை. முதல் நாள் அரைக் கிலோமீட்டர் தாண்டவில்லை, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு பக்கத்தில் வந்து நின்றது. "என்னண்ணே, பஸ்சை விட்டுட்டீகளா? வெரசா ஏறுங்க" என்றார் டிரைவர் தங்கபாண்டி. நடக்கிறேன் என்றேன். "வீட்ல எதும் சண்டையா?" என்றார். ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் அத்தனை பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். "பாவம், எடம் விடுங்கடி" என்று மருதாயி தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நம் பக்கத்தில் ஏறச் சொன்ன வண்டியில் ஏறாவிட்டால் பகை என்றுதானே அர்த்தம்? ஏறினேன். இறங்கினால் மலைக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறை. அவ்வளவு தூரம் போய்விட்டுப் புட்டும் கடலையும் சாப்பிடாமல் எப்படித் திரும்புவது? மறுநாள் வேறு ஜீப்பு, அதே புட்டு. ஒரு நாள் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். "அவசரமில்லண்ணே, முடிச்சுட்டு வாங்க, நிக்கிறோம்" என்று வண்டியே காத்திருந்தது. நடக்கத் தொடங்கிய இரண்டு மாதத்தில் நாலு கிலோ ஏறியிருக்கிறேன்.

ஜீப்பு ஸ்டாண்டில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. எனக்காக எந்த வண்டியும் நிற்கக் கூடாதென்று சொல்லிவிடுங்கள். நானே கை காட்டினாலும் நிறுத்த வேண்டாம். காதுகுத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான். இந்தப் பிள்ளையும் விஜயபாண்டி மடியில் உட்கார்ந்தால் எனக்குத் தாங்காது மாப்ளே, வெளையாட்டுக்குச் சொல்லலை.

ஜோதிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. சுஜிதா மட்டும் அதுவரை கனம் கூடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மொக்கச்சாமி

பின்குறிப்பு: இதை உங்கள் கையில் கொடுக்க ஸ்டாண்டுக்கு நடந்தே புறப்பட்டேன். என் வீட்டுக்காரி அன்னக்கொடி உங்களிடம் இதை முன்பே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. மூன்று ஜீப்பு தாண்டிப் போயின, ஒன்றும் நிற்கவில்லை. தங்கபாண்டி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் அப்படி யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்? மனசு கேட்கவில்லை. நாலாவது ஜீப்பை நடுரோட்டில் நின்று மறித்து ஏறிவிட்டேன். இந்த வரிகளைப் பூப்பாறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், புட்டு வந்துவிட்டது. கோயில் வாசல் வரைக்கும் ஜீப்பு ஏறுமா என்று வெரசா விசாரித்துச் சொல்லவும்.