ஹலால் முத்திரையும் என் அரபுப் புலமையும்

எனக்கு அரபி வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு பாக்கெட் டிசைன் செய்யத் துணிந்தவன் நான் ஒருவன்தான்.

தென்காசியில் புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்த காலம். (இரண்டு கம்ப்யூட்டர், ஒன்று ஓடும்.) என் அக்காவை லாத்தா என்று கூப்பிடுவோம். அவள் செய்யும் முந்திரிக்கொத்துப் பலகாரத்தை வாங்கி விற்க, அவள் கணவரான மச்சான் வேலை பார்க்கும் ஷார்ஜாவில் ஒரு கடைக்காரர் சம்மதித்தார். பாக்கெட்டில் ஹலால் முத்திரை மட்டும் வேண்டும் என்றார். தையல், ட்யூஷன் என்று எதைத் தொட்டாலும் பாதியில் நின்றுபோன லாத்தாவுக்கு இதாவது நிலைக்க வேண்டும் என்ற தவிப்பு.

முறையாக விண்ணப்பித்தால் ஆய்வுக்கு ஆள் வருவார்கள், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஒரு பச்சை வட்டத்துக்கு இத்தனை அலைச்சலா என்று எனக்கு இளப்பம். மச்சான் சாமான் அடைத்து அனுப்பிய பாதி கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் ஹலால் முத்திரை, அடியில் அழகான அரபு வரி. இரண்டையும் ஸ்கேன் செய்து, வரியைத் தங்க நிறமாக்கி, பாக்கெட் லேபிளின் நடுவில் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று லாத்தா கேட்டாள். உச்சரிப்பு பிசகாமல், இழுத்து நிறுத்தி வாசித்துக் காட்டினேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பயபக்தியோடு கேட்டாள்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் மச்சான் போன் செய்தார்.

"ஏலே, முந்திரிக்கொத்தை ஃப்ரீசர்ல வச்சிருக்கான்லே. கோழிக்குப் பக்கத்துல."

நான் தங்கமாக மின்னவிட்ட வரிக்கு 'உறைய வைத்த கோழி' என்று அர்த்தமாம்.

கடைக்காரர் அதைப் படம் எடுத்து, முத்திரைக்குச் சொந்தக்கார இந்திய நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். பதிவு செய்த எங்கள் டிரேட்மார்க்கைத் திருடியிருக்கிறீர்கள், வழக்குப் போடுவோம் என்று நோட்டீஸ் வந்தது. என் பெயருக்கு அல்ல, லாத்தாவின் பெயருக்கு. அதைக் கையில் பிடித்தபடி அவள் அழுதாள். அப்போதும் புத்தி வரவில்லை. நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, நேரில் வந்து வாதாடத் தயார் என்றேன். பேசிய அதிகாரி, சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வருவதாகவும் ஐந்தருவியில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

டை கட்டி, ஃபைலோடு போனேன். (ஐந்தருவியில் டை கட்டிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.) அவர் இடுப்பில் ஈரத்துண்டோடு நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். ஹலால் என்பது எல்லாருக்கும் பொதுவான சொல், அதற்கு யாரும் பட்டா போட முடியாது என்று கால்மணி நேரம் முழங்கினேன். சாரலில் ஃபைல் நனைந்து கூழானது.

"சொல்லு எல்லாருக்கும் பொதுதான் தம்பி. படம் எங்களுது. நாங்க பாக்காத அடுப்படியை நாங்க பாத்ததா நீங்க சொல்லிட்டிய. நம்பி சாப்பிடுதவனுக்கு யாரு பதில் சொல்லுவா?"

டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் லாத்தாவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். மன்னிப்புக் கடிதமும், லேபிள் உரித்த பாக்கெட்டுகளின் படமும் அனுப்பினால் வழக்கு இல்லை என்றார். முறையாக விண்ணப்பிக்கவும் சொன்னார்.

வீட்டில் மீதியிருந்த பாக்கெட்டுகளில் மூன்று நாள் தேங்காயெண்ணெய் தடவி லேபிள் உரித்தேன். லாத்தா பக்கத்தில் உட்கார்ந்து, உரித்த பாக்கெட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த வருஷம் அவள் அடுப்படியை அவர்கள் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். முந்திரிக்கொத்து இன்றும் ஷார்ஜா போகிறது. பாக்கெட் அச்சடிப்பது மட்டும் ஆலங்குளத்தில். என் கம்ப்யூட்டர் சென்டர் அவள் வீட்டுக்கு எதிரேதான் இருக்கிறது.

பிறகு எனக்கு மகன் பிறந்தான். அவன் பெயரை நானே அரபியில் டிசைன் செய்து தொட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தேன். பார்க்க வந்த லாத்தா, பிள்ளையைத் தூக்காமல் அந்த எழுத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஏலே, இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட காட்டிட்டியா? கோழின்னு எதுவும் எழுதலையே?"

அவனுக்கு இப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் அவன் கோழிதான்.