டவர் ஐயாவும் செத்துப்போன என் ஆமையும்

டவர் ஐயா கையை நீட்டினால் அணைத்துப் போட்ட போன்கூடப் பேசும் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னால் போதாதா? எங்கள் பள்ளிப் பெற்றோர் குழுவில் ஆசிரியையான நான் தேர்வு அட்டவணையைப் போட்டால் சீந்த ஆளிருக்காது. டவர் ஐயாவின் வீடியோவை யாராவது போட்டுவிட்டால் கும்பிடும் கைகள் திரை நிரம்பி வழியும். "உண்மையா தெரியவில்லை, இருந்தாலும் பகிர்கிறேன்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டால், பகிர்ந்தவருக்குப் பொறுப்பும் கிடையாது, பாவமும் கிடையாது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, முன்பு தட்டச்சுப் பயிலகம் இருந்த மாடியில் ஐயா உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே மொட்டை மாடியில் ஒரு செல்போன் டவர். மனிதர்களின் எண்ணம் அலையாக டவருக்கு ஏறுகிறது, விதி அலையாக இறங்கி வருகிறது, நடுவில் நின்று அதைப் பிடித்துத் தருபவர் ஐயா. தத்துவம் அவ்வளவுதான். டவரை நட்ட கம்பெனிக்கே இது தெரியாது, பாவம். வரிசை படிக்கட்டில் தொடங்கி, தெருவைத் தாண்டி, மருந்துக்கடை வாசல்வரை நிற்கும். மருந்துக்கடைக்காரருக்கு அதைப் பார்த்தாலே வயிற்றெரிச்சல். வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் மருந்து வாங்குவதை நிறுத்தியவர்கள்.

அவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

அக்காவும் அத்தானும் நானும் ஒரே வீடு. அக்காவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண். தினமும் ஊசி போட்டு, கட்டை மாற்றி, ஓரளவு ஆறிவந்த நேரத்தில் ஐயாவைப் பார்த்துவிட்டு வந்தாள். ஊசியை நிறுத்தச் சொன்னாராம். போனில் அவருடைய வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து, அலை இறங்கிய அந்தத் தண்ணீரைக் குடித்தால் போதுமாம். நடுவில் விளம்பரம் வந்துவிட்டால் மட்டும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டுமாம். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார். அக்காவிடம் சொன்னால் காதில் வாங்கவில்லை. ஓடிப்போய் அத்தானிடம் சொன்னேன். அவர் அடுப்படியில் தனக்கென்று ஒரு பாட்டிலுக்கு அலை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முடி கொட்டுகிறதாம்.

"அப்பா போனது, அத்தான் கடைய மூடினது, என் கால் புண்ணு, எல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சாருடி," என்றாள் அக்கா. "போன அணைச்சு, பைல போட்டு, கவுத்துத்தான் வச்சிருந்தேன். அவரு தொடக்கூட இல்ல."

இதையெல்லாம் அவளே தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் ஊருக்கு அறிவித்தவள். புண்ணுக்கு மூன்று கோணத்தில் படம் வேறு போட்டிருந்தாள். எடுத்துச் சொன்னேன். அவ்வளவு பெரியவருக்கு என் பக்கத்தைப் பார்க்க ஏது நேரம் என்றாள்.

நேரத்தை இவர்களே கொடுக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ஐயாவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவர் பக்கத்தோடு நட்பாக வேண்டும். பிறகு படிக்கட்டில் நின்று படம் எடுத்து, "ஐயாவுக்காகக் காத்திருக்கிறேன்" என்று அவர் பெயரைக் கோத்துப் போட வேண்டும். பிறகு போனை அணைத்து, வாசலில் விற்கிற நீலத் துணிப்பையில் போட்டு, அலை அடங்கும்வரை அரைநாள் பொறுத்திருக்க வேண்டும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, விலாசத்தையும் எழுதிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் திருடனுக்கு வேறென்ன வேலை?

அன்று வீடு திரும்பிய அக்கா போனைப் போட்டபோது ஒரு தகவல் வந்திருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எடுத்த, பல வருஷத்துப் பழைய படத்துக்கு ஐயாவின் பக்கத்திலிருந்து ஒரு லைக். "தேடி வந்து ஆசீர்வாதம் பண்ணியிருக்காருடி," என்று அவள் கண் கலங்கினாள். பழைய படத்துக்குத் திடீரென்று லைக் விழுந்தால் என்ன அர்த்தம் என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் சிரிப்பார்கள். யாரோ அடிவரை தோண்டிக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் வழுக்கிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அது மானக்கேடு. என் அக்காவுக்கு அது அருள்.

வகுப்பில் நான் தினமும் கத்துவது இதைத்தான். யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு எப்படித் தெரிந்தது, சொல்வதால் அவர்களுக்கு என்ன லாபம் என்று கேளுங்கள் என்பேன். பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு யார் வகுப்பெடுப்பது?

நான் ஓர் ஆமை வளர்க்கத் தொடங்கினேன். என் பக்கத்தில் மட்டும். அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியாமல் மறைக்க அதிலேயே வசதி இருக்கிறது. அடுப்படியிலிருந்த இரும்புச் சட்டியைக் கவிழ்த்து, மங்கலான வெளிச்சத்தில் படம் எடுத்து, "எங்கள் வீட்டுச் செல்லம், எட்டு வயது ஆமை" என்று போட்டேன். அழகோ அழகு என்றார்கள். கண் என்னைப் போலவே இருக்கிறதாம். சட்டிக்குக் கண் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. சில நாள் கழித்து அது மாடியிலிருந்து விழுந்து இறந்துவிட்டது என்று எழுதினேன். பள்ளியில் கணக்கு ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்.

அக்காவிடம் ஒரு பந்தயம் கட்டினேன். ஐயா என்னைப் பற்றிச் சரியாகச் சொன்னால் நானும் அந்தத் தண்ணீரைக் குடிப்பேன், தப்பாகச் சொன்னால் அவள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தங்கை ஒருவழியாகத் திருந்துகிறாளே என்று மகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டாள்.

நட்பானேன், படிக்கட்டில் பல்லைக் காட்டிப் படம் போட்டேன், பையும் வாங்கினேன். அரைநாள் கழித்து என்னையும் கூட வந்த அக்காவையும் கூப்பிட்டார்கள். கூடம் நிறைய ஆட்கள். ஐயாவின் காதில் ஒரு கருவி மாட்டியிருந்தது. டவர் அதன் வழியாகத்தான் பேசுமாம். ஒளித்து வைத்திருந்தாலாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். என் நீலப் பைக்கு மேலே கையை நீட்டி, கண்ணை மூடினார்.

"நாலு காலு தெரியுதும்மா," என்றார். "மெதுவா நடக்குற ஜீவன். முதுகுல ஒரு பாரம். உயரத்துலேர்ந்து விழுந்திருக்கு."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"அது தவறி விழல. உங்களுக்கு வரவேண்டிய ஆபத்தத் தன் ஓட்டுல வாங்கிக்கிட்டுப் போயிருக்கு." கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். "வாசன வருது பாருங்க. ரொம்ப நல்ல ஆத்மா."

எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். வாசனை வரத்தான் செய்தது. பின்வரிசையில் ஒருவர் கேவினார். அக்கா மட்டும் அழவில்லை.

"ஏண்டி, நம்ம வீட்டுல ஏது ஆமை?" என்றாள்.

"ஆமையும் இல்ல, போனும் இல்லக்கா," என்று சொல்லிப் பையைக் கவிழ்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு குளியல் சோப்பு மேசையில் விழுந்து, வழுக்கிக்கொண்டு போய் ஐயாவுக்கு முன்னால் நின்றது.

கூடம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில், ஐயாவின் காதிலிருந்து டவரே பேசியது, சன்னமாக, ஒரு பெண்குரலில்: "ஐயா, ஆமை வயசு கேட்டா எட்டுன்னு சொல்லுங்க."

அக்கா எழுந்தாள். புண்பட்ட காலை இழுத்துக்கொண்டே போய் ஐயாவுக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையை விலக்கினாள். உள்ளே மூன்று பேர், ஆளுக்கொரு கணினி. ஒன்றில் என் ஆமைப் படம் பெரிதாகத் தெரிந்தது. அக்கா குனிந்து பார்த்தாள்.

"இது நம்ம வறுக்குற சட்டிடி," என்றாள்.

ஐயா விடவில்லை. சோப்பிலும் கைபட்ட அலை தங்கும் என்று ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"சட்டிக்கு அழுத மாதிரிதான என் காலுக்கும் அழுதீங்க? கால எடுத்திருந்தா டவரா என்னத் தூக்கிட்டு நடக்கும்?"

அவர் காதுக் கருவியை அழுத்திப் பார்த்தார். அதிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கூட்டம் பைகளை மேசையில் வீசி எறிந்தது. கருவியைக் காதிலிருந்து கழற்றக்கூட மறந்து, ஐயா பின்படிக்கட்டு வழியாக இறங்கி ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஊசி போட்டுக்கொண்டாள். பழக்கத்தில் அதைப் படம் எடுக்கப் போனைத் தூக்கியவள், அதைக் கவிழ்த்துக் கீழே வைத்துவிட்டாள். எனக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை பெற்றோர் குழுவில் புதிதாக ஒரு தகவல் சுற்றியது. டவர் ஐயாவையே ஓடவைத்த அதிசயப் பச்சைச் சோப்பு! போனுக்கு அடியில் வைத்தால் கெட்ட அலை அண்டாது. உண்மையா தெரியவில்லை, இருந்தாலும் பகிர்கிறேன். போட்டவர், நேற்றுப் பின்வரிசையில் கேவியவர்.

அதற்குக் கீழே நான் எழுதினேன்: "பெற்றோர் கவனத்துக்கு. டவர் ஐயா போனை மட்டும்தான் அணைக்கச் சொன்னார். மூளையைச் சேர்த்து அணைத்தது நீங்கள். போனைத் திரும்பப் போட்டுவிட்டீர்கள், இன்னொன்று அணைந்தே கிடக்கிறது."